எந்த மெஷின் என்று கேட்பவர்களுக்கு

தொண்டைப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்து முடித்தவன் என்று தெரிந்ததும் பலர் தேடி வந்து பேசுகிறார்கள். அவர்களுடைய முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: 'எந்த மெஷின்ல எடுத்தீங்க?' ஐஎம்ஆர்டியா, விமேட்டா, புரோட்டானுக்குப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்குமா, இப்போது எம்ஆர்ஐ வைத்த மெஷின் வந்திருக்கிறதாமே என்று கேள்விகள் நீண்டுகொண்டே போகும். கேள்வியில் தப்பில்லை. சிகிச்சை முழுவதையும் மேசையில் படுத்து அனுபவித்த பிறகு எனக்கு உறுதியாகப் பட்ட ஒன்றை மட்டும் அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மெஷின் கூர்மையாக ஆக ஆக, நம் உடம்பு தினமும் அதே எடையில், அதே வடிவத்தில், அதே இடத்தில் இருந்தாக வேண்டிய தேவையும் கூடிக்கொண்டே போகிறது. அந்த வேலையை எந்த மெஷினும் நமக்காகச் செய்யாது. அதைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டியே விரிவாகச் சொல்வதில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

என் அத்தைக்கும் பல வருடங்களுக்கு முன்பு இதே பகுதியில்தான் நோய் வந்தது. அவருக்குச் சிகிச்சை நடந்தது கோபால்ட் மெஷினில். 'கரண்ட் வைக்கிறாங்க' என்றுதான் வீட்டில் சொல்வோம். நோய் போய்விட்டது, அதன் பிறகு நிறைய காலம் இருந்தார், அந்த மெஷினுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள். ஆனால் எச்சில் திரும்பி வரவே இல்லை. தண்ணீர் பாட்டில் கையில் இல்லாமல் அவர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் பார்த்ததில்லை. ராத்திரியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு எழுந்துவிடுவார், பற்கள் ஒவ்வொன்றாகச் சிதைந்து உதிர்ந்தன, எதைச் சாப்பிட்டாலும் தண்ணீரோடுதான் உள்ளே தள்ள வேண்டும். எனக்கும் ரேடியேஷன்தான் என்று முடிவானபோது நோயைவிட அந்த வறண்ட வாயை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன்.

அத்தைக்கு ஏன் அப்படி ஆனது என்பதைப் பிளானிங் சமயத்தில் எனக்கு விளக்கியவர் ரேடியேஷன் துறையின் ஃபிசிசிஸ்ட், அதாவது கதிரின் அளவைக் கணக்குப் போடுகிற இயற்பியலாளர். கோபால்ட் சிகிச்சை 1951-ல் கனடாவில் தொடங்கியது. அதற்கு முன்பிருந்த கருவிகளால் தோலைச் சுடாமல் ஆழத்தில் இருக்கும் கட்டிக்குப் போதுமான கதிரைக் கொண்டுபோக முடியவில்லை, கோபால்ட் அதைச் சாதித்தது, உலகம் முழுக்கப் பரவியது, இன்றைக்கும் சில இடங்களில் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஆனால் கதிரின் விளிம்பு துல்லியமாக இருக்காது, டார்ச் வெளிச்சத்தின் ஓரம் மங்கிப் பரவுவது போலப் பக்கத்துத் திசுக்களிலும் படியும். அதைவிட முக்கியம், கதிர் வருகிற திசை. கழுத்துக்குக் கொடுக்கும்போது இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று எதிரெதிராக இரண்டு கதிர்கள் வைப்பதுதான் அன்றைய வழக்கம். சாப்பிடும்போது ஊறுகிற எச்சிலில் பெரும்பங்கைச் சுரக்கும் பரோட்டிட் சுரப்பிகள் இரண்டு காதுகளுக்கும் முன்னால், சரியாக அந்த வழியில் இருக்கின்றன. கட்டிக்குப் போகிற டோஸ், அதாவது கதிரின் அளவு, அவற்றின் வழியாகத்தான் போகும். மருத்துவர்களின் கவனக்குறைவு அதில் எதுவும் இல்லை. சுரப்பியைச் சுற்றிக் கதிரை வளைக்கும் வழி அன்றைக்கு அவர்கள் கையில் இல்லை.

அந்த வழி ஒரே நாளில் வந்துவிடவும் இல்லை. லீனியர் ஆக்ஸிலரேட்டரில், அதாவது மருத்துவமனைகளில் லினாக் என்று சொல்கிறார்களே அதில், முதல் நோயாளிக்குச் சிகிச்சை கொடுத்தது 1953-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில். 1971-ல் சிடி ஸ்கேன் வந்தது. அப்புறம்தான் கட்டி உள்ளே எந்த வடிவத்தில் கிடக்கிறது, பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்பதை வெட்டு வெட்டாகப் பார்த்துத் திட்டம் போட முடிந்தது. பிறகு மெஷினில் கதிர் வெளியே வரும் இடத்தில் மெல்லிய உலோகத் தகடுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் மோட்டார் தனித்தனியாக நகர்த்துகிற ஏற்பாடு வந்தது. மல்டிலீஃப் காலிமேட்டர் என்று அதற்குப் பெயர். கதிரை எந்த வடிவத்துக்கும் வெட்டலாம், ஒரே கதிருக்குள் ஒரு பகுதியில் அதிகம், இன்னொரு பகுதியில் குறைவு என்றும் கொடுக்கலாம். இதுதான் ஐஎம்ஆர்டி. 2008 வாக்கில் அதுவே இன்னொரு படி போய், மெஷின் நம்மைச் சுற்றிச் சுழன்றுகொண்டே தகடுகளை நகர்த்தி, வேகத்தையும் அளவையும் மாற்றி மாற்றிச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிற விமேட் ஆனது.

எனக்கு இதில் பிடித்த விஷயம், திட்டம் போடும் முறையே தலைகீழாகிவிட்டதுதான். முன்பு கதிரை எந்தப் பக்கத்திலிருந்து வைக்கலாம் என்று மனிதர்கள் முடிவு செய்து, அதனால் எங்கே எவ்வளவு டோஸ் போகிறது என்று கணக்குப் பார்ப்பார்கள். இப்போது முதலில் விருப்பத்தைச் சொல்கிறார்கள். கட்டிக்கு 70 கிரே (டோஸை அளக்கும் அலகு), முதுகுத்தண்டின் நரம்புக்கு 45 கிரேக்கு மேல் எந்தப் புள்ளியிலும் கூடாது, பரோட்டிட்டுக்குச் சராசரியாக 25, 26 கிரேக்குள் நிற்க வேண்டும் என்று கணினியிடம் கொடுத்தால் அது ஆயிரக்கணக்கான சேர்க்கைகளை முயன்று பார்த்து ஒரு திட்டத்தைக் கொண்டு வருகிறது. அதை மருத்துவரும் ஃபிசிசிஸ்ட்டும் உட்கார்ந்து திருத்துகிறார்கள். கிரே என்பது ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் இறங்குகிற அளவு.

இதெல்லாம் பேப்பரில் மட்டும் அழகா என்றால், இல்லை. பிரிட்டனில் நடந்த பார்ஸ்போர்ட் என்கிற ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது. பழைய முறையில் சிகிச்சை எடுத்தவர்களில் ஒரு வருடம் கழித்துக் கணிசமான வாய் வறட்சியோடு இருந்தவர்கள் 74 சதவீதம், ஐஎம்ஆர்டி எடுத்தவர்களில் 38 சதவீதம். இரண்டு வருடத்தில் 83-க்கு 29. நோய் கட்டுப்படுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. என்னையே எடுத்துக்கொண்டால், சிகிச்சை முடிந்த கொஞ்ச காலத்துக்கு வாய் காய்ந்துதான் கிடந்தது, பிறகு மெதுவாகத் திரும்பியது, முழுசாக இல்லை. ராத்திரியில் இன்னும் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். ஆனால் பகலில் தண்ணீர் இல்லாமல் ஒரு மணி நேரம் பேச முடிகிறது. அத்தை இருந்தால் இதைக் கேட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று பல தடவை நினைத்துக்கொள்கிறேன்.

சரி, இனி நம் பங்குக்கு வருகிறேன்.

இந்தத் திட்டங்களில் டோஸ் ஒரு இடத்தில் உச்சமாக இருக்கும், அங்கிருந்து சில மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே சரசரவென்று இறங்கிவிடும். அந்தச் சரிவுதான் சுரப்பியைக் காப்பாற்றுகிறது. அதே சரிவுதான் ஆபத்தும்கூட. கழுத்துக்கான திட்டத்தில் கட்டியைச் சுற்றி விடுகிற ஓரம் பொதுவாக 3-லிருந்து 5 மில்லிமீட்டர். நாம் அதற்கு மேல் நகர்ந்தால் கட்டியின் ஓரம் டோஸ் கிடைக்காமல் போகும், காப்பாற்ற நினைத்த இடம் டோஸுக்குள் வந்துவிடும். பழைய மெஷினின் பரந்த கதிர் இந்தச் சின்ன நகர்வுகளை மன்னித்துவிடும். புதியது மன்னிக்காது. அதனால்தான் மாஸ்க், அதனால்தான் தினமும் சிகிச்சைக்கு முன்பு மேசையிலேயே ஒரு சின்ன சிடி எடுத்து, திட்டத்தின் படத்தோடு பொருத்திப் பார்த்து, மேசையை இம்மி இம்மியாக நகர்த்துகிறார்கள்.

மாஸ்க்கைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒரு பிளாஸ்டிக் வலையைச் சூடான தண்ணீரில் இளக்கி முகத்தின் மேல் இழுத்து வைப்பார்கள், தோள் வரைக்கும் வரும், சில நிமிடங்களில் இறுகி நம் முகத்தின் அச்சாகிவிடும். அதை மேசையோடு சேர்த்து மாட்டிவிட்டால் தலையை அசைக்க முடியாது. மூச்சு நன்றாக வரும், வலை முழுக்கத் துளைகள்தான். ஆனாலும் மாட்டுகிற அந்தச் சத்தம் கேட்டதும் பலருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். எனக்கும் அடைத்தது. அதை உடனே டெக்னீஷியனிடம் சொன்னேன், அவர் கழற்றிவிட்டு, 'அவசரமே இல்ல சார், நீங்க சொல்லும்போது மாட்டிக்கலாம்' என்றார். சொல்லத் தயங்குகிறவர்கள் உள்ளே தோளை இறுக்கிக்கொண்டு கிடப்பார்கள், தோள் இறுகினால் கழுத்தின் வளைவே மாறும். பயம் அந்த அளவுக்கு டோஸோடு சம்பந்தப்பட்டது, மறைக்க வேண்டிய விஷயமே இல்லை. மாஸ்க் செய்கிற அன்றைக்கு முடி, தாடி எப்படி இருக்கிறதோ அதே அளவில் கடைசிவரை வைத்திருங்கள். செய்கிற அன்று தாடை, பல் எந்த நிலையில் இருந்தனவோ, எச்சிலை விழுங்கிவிட்டு நாக்கை எங்கே வைத்திருந்தீர்களோ, அதையும் நினைவில் வைத்துக்கொண்டு தினமும் அப்படியே படுத்தால் படம் பொருந்துவது எளிதாகிறது. உள்ளே படுத்திருக்கும்போது கையில் ஒரு பஸ்ஸர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பேச முடியாவிட்டாலும் கையை உயர்த்தினால் கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் உடனே நிறுத்திவிட்டு வருவார்கள்.

மாஸ்க்கை விடப் பெரிய எதிரி எடை குறைவது. மூன்றாவது வாரம் தாண்டும்போது வாயும் தொண்டையும் புண்ணாகி, விழுங்குவது என்றாலே கண்ணில் தண்ணீர் வரும். இந்த நேரத்தில் கூடவே கீமோவும் ஓடுகிறது என்றால், பெரும்பாலும் சிஸ்பிளாட்டின் என்கிற மருந்து, குமட்டல் வேறு. சாப்பாடு குறையும், முகமும் கழுத்தும் மெலியும், இறுக்கமாக இருந்த மாஸ்க்குக்குள் தலை லேசாக அசையத் தொடங்கும். கட்டியும் சுருங்கும், பரோட்டிட் சுரப்பிகளும் சுருங்கிக்கொண்டே உள்பக்கமாக, அதாவது டோஸ் அதிகமான பக்கமாக நகரும் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. போட்ட திட்டம் அப்படியே இருக்க உடம்பு வேறாகிவிடுகிறது. அந்த மாதிரிச் சமயத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்து, புது மாஸ்க் செய்து, புதுத் திட்டம் போடுவார்கள், அடாப்டிவ் என்று சொல்வது இதைத்தான். நல்ல வசதி. ஆனால் நாம் எடையைப் பிடித்து வைத்திருந்தால் அதற்கான தேவை குறையும்.

எடையைப் பிடித்து வைப்பது மன உறுதியால் மட்டும் நடக்கிற காரியம் கிடையாது. வலி மருந்தை நேரத்துக்கு எடுக்க வேண்டும், வலி வந்த பிறகு எடுக்கக் கூடாது. சாப்பிடுவதற்கு அரை மணிக்கு முன்பு எடுத்துக்கொண்டு, மருந்து வேலை செய்கிற நேரத்தில் குழைந்த அல்லது திரவ உணவை உள்ளே அனுப்பினேன். டயட்டீஷியனை முதல் வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும், மெலிந்த பிறகு பார்த்துப் பயன் குறைவு. மூக்கு வழியாகவோ வயிற்றிலோ உணவுக் குழாய் வைக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். எனக்கு மூக்குக் குழாய் வைத்தார்கள், அதற்கு அப்புறம்தான் எடை நின்றது. குழாய் இருந்தாலும் தினமும் கொஞ்சமாவது வாயால் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். விழுங்கும் தசைகள் சில வாரம் சும்மா இருந்தாலே மறந்துவிடும், அதன் பிறகு குழாயை எடுப்பது கஷ்டம். விழுங்கும் பயிற்சியையும் வாயை அகலத் திறக்கும் பயிற்சியையும் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே சொல்லிக் கொடுத்தார்கள். தாடைத் தசை இறுகிப்போனால் வாய் திறக்காது. நம் மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து முன்பற்களுக்கு நடுவே நுழைகிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டால் குறைவது உடனே தெரிந்துவிடும். மூன்று நுழைந்தது இரண்டாகிவிட்டால் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

கழுத்துக்கு ரேடியேஷன் என்றால் பல் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்கவே கூடாது. ரேடியேஷன் பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும், பின்னால் பல்லைப் பிடுங்கினால் அந்தக் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். அதனால் சந்தேகமான பற்களை முன்கூட்டியே எடுத்துவிட்டு, ஆற இரண்டு வாரம் போலக் கொடுத்துத்தான் ஆரம்பிப்பார்கள். நோய் இருக்கும்போது இந்தத் தாமதம் எரிச்சலாக இருக்கும். எனக்கும் இருந்தது. அத்தையின் பற்கள் ஞாபகத்துக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இந்தத் தாமதத்தையும், சிகிச்சை நடுவே வருகிற தாமதத்தையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. தொடங்கிய பிறகு நாள் விடுவதுதான் மோசம். கதிர் புற்றுச் செல்லின் டிஎன்ஏவை உடைக்கிறது. நல்ல செல்கள் அடுத்த நாளுக்குள் பெருமளவு ரிப்பேர் செய்துகொள்கின்றன, புற்றுச் செல்கள் அந்த வேலையில் மோசம். இந்த வித்தியாசத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பயன்படுத்திக்கொள்வதுதான் 2 கிரே வீதம், வாரத்துக்கு ஐந்து நாள் என்கிற பழைய ஏற்பாடு. கழுத்துப் புற்றுநோய்க்கு 35 தடவை, ஏழு வாரம் என்பது அப்படி வந்த கணக்கு. ஆனால் சில வாரங்களுக்குப் பிறகு மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் வழக்கத்தைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும். தலை, கழுத்துப் புற்றுநோயில் மொத்தச் சிகிச்சை காலம் ஒரு நாள் நீண்டாலே நோய் அந்த இடத்தில் கட்டுப்படும் வாய்ப்பில் ஏறக்குறைய ஒரு சதவீதமோ அதற்குச் சற்று மேலோ கரைகிறது என்று பல ஆய்வுகளின் கணக்கு. ஒரு வாரம் விட்டால் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

நான் எடுத்த இடத்தில் நடுவே மெஷின் பழுதாகி நின்றது. காத்திருந்தவர்களில் சிலர், சரி, ஓய்வு கிடைத்தது என்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் மருத்துவரிடம் போய், விட்டுப்போன தடவையை எப்படி ஈடு செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். கேட்டதால்தான் தெரிந்தது, வழிகள் இருக்கின்றன: அதே மாதிரி அளவுபொருத்தப்பட்ட இன்னொரு மெஷினுக்கு மாற்றலாம், விடுமுறை நாளில் கொடுக்கலாம், அல்லது ஒரே நாளில் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தடவை கொடுக்கலாம். எனக்கு விடுமுறை நாளில் கொடுத்தார்கள். எந்தத் துறையிலும் மெஷின் பழுதாகும், அதைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை, ஆனால் ஈடு செய்யும் திட்டம் என்ன என்று ஒரு வார்த்தை கேளுங்கள். காய்ச்சல், வாந்தி, களைப்பு என்று நாமாக லீவு போடுவதற்கும் இது பொருந்தும். உடம்பு முடியவில்லை என்றால் வீட்டில் படுத்துவிடாமல் அங்கேயே போய்ச் சொன்னால், சிகிச்சையையும் கொடுத்து உடம்பையும் பார்த்துக்கொள்வார்கள்.

காத்திருக்கிற இடத்தில் மற்றவர்களோடு பழகியபோதுதான் இந்த 'உடம்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும்' என்பது ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு உருவத்தில் வருகிறது என்று புரிந்தது. புராஸ்டேட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர் தினமும் கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் குடலை மேலே தள்ளி வைக்கும், மலக்குடல் காலியாக இருந்தால் புராஸ்டேட் முன்னால் நகராது. குடலில் வாயு நிறைந்திருந்தால் அவரை மேசையிலிருந்து இறக்கி, நடந்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். முதலில் அவருக்குக் கோபம். பிறகு அவருக்குக் கொடுப்பது ஐந்தே தடவையில் முடிகிற எஸ்பிஆர்டி என்றும், மொத்தம் 36.25 கிரேயை அந்த ஐந்தில் அடக்குகிறார்கள் என்றும், ஒரு தடவை இடம் தவறினாலே ஐந்தில் ஒரு பங்கு தவறிவிடும் என்றும் விளக்கியதும் அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். பேஸ்-பி என்கிற ஆய்வில், தகுதியானவர்களுக்கு இந்த ஐந்து தடவை முறை பல வாரம் நீளும் முறைக்கு நிகராகவே நோயைக் கட்டுப்படுத்துகிறது என்று 2024-ல் வந்தது.

மார்பகப் புற்றுநோய்க்கு வந்த அக்கா ஒருவர் மூச்சுப் பிடிக்கிற பயிற்சி செய்துகொண்டிருந்தார். இடது பக்கம் என்றால் இதயம் அடியிலேயே இருக்கிறது. ஆழமாக மூச்சை இழுத்துப் பிடித்தால் நுரையீரல் விரிந்து இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகிக் கீழே போகும், அந்த நொடிகளில் மட்டும் கதிர் வரும், மூச்சை விட்டதும் கேமரா பார்த்து நிறுத்திவிடும். இதயத்துக்குப் போகிற சராசரி டோஸ் ஒவ்வொரு கிரே கூடும்போதும் பிற்காலத்தில் பெரிய இதய நோய்க்கான ஆபத்து 7.4 சதவீதம் கூடுகிறது என்று 2013-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஒரு மூச்சில் அதைக் குறைக்க முடிகிறது, செலவில்லாமல், மருந்தில்லாமல். இந்தத் துறையில் நான் பார்த்த முன்னேற்றங்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது அதுதான். அந்த அக்காவுக்கு ஒரே வாரத்தில் முடிந்துவிட்டது. மூன்று வாரத்தில் 15 தடவையாகக் கொடுக்கும் 40 கிரேக்குப் பதில், ஒரு வாரத்தில் ஐந்து தடவையாக 26 கிரே போதும் என்று நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வு 2020-ல் சொன்னது. குறைந்த நாள் என்றால் அரைகுறைச் சிகிச்சையோ என்று அவர் வீட்டில் பயந்தார்களாம். தடவைக்குக் கொடுக்கும் டோஸ் கூடுவதால் மொத்த அளவு குறைவாக இருந்தாலும் விளைவு சமமாக வருகிறது. ஆனால் இதே கணக்கை எல்லா நோய்க்கும் போட முடியாது, என் நோய்க்கு ஏழு வாரம்தான்.

புரோட்டானைப் பற்றி நிச்சயம் கேட்பீர்கள். எக்ஸ்ரே உடம்பைத் துளைத்து மறுபக்கம் வெளியே போகும். புரோட்டான் ஒரு குறிப்பிட்ட ஆழம் வரை போய், அங்கே தன் ஆற்றலில் பெரும்பகுதியை இறக்கிவிட்டு நின்றுவிடும். இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ராபர்ட் வில்சன் என்கிற இயற்பியலாளர் 1946-லேயே எழுதினார், 1954-ல் பெர்க்லியில் முதல் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். குழந்தைகளின் மூளை, முதுகுத்தண்டுக் கட்டிகளுக்கும், மண்டையோட்டின் அடிப்பகுதிக் கட்டிகளுக்கும், கண்ணில் வருகிற சில கட்டிகளுக்கும் அதன் பலன் தெளிவானது, வளர வேண்டிய உறுப்புகளைத் தேவையில்லாத கதிரிலிருந்து காக்கிறது. எல்லோருக்கும் எல்லா நோய்க்கும் அதுதான் உயர்ந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதோடு, புரோட்டான் எந்த ஆழத்தில் நிற்கும் என்பது வழியில் இருக்கும் திசுவின் அடர்த்தியைப் பொறுத்தது. எடை குறைந்தாலோ சைனஸில் சளி சேர்ந்தாலோ நிற்கிற இடமே மாறும். மெஷின் உயர உயர நம் பொறுப்பு கூடுகிறது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. எம்ஆர்ஐ சேர்ந்த லினாக்கும் அப்படித்தான். சிகிச்சை நடக்கும்போதே கட்டியைத் தெளிவாகப் பார்க்கலாம், அன்றைய உடம்புக்கு அன்றைக்கே திட்டத்தைத் திருத்தலாம், ஆனால் அதற்கு அசையாமல் அரை மணியோ அதற்கு மேலோ படுத்திருக்க வேண்டும்.

ஃப்ளாஷ் என்று ஒரு முறை வருகிறதாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். வினாடிக்கு 40 கிரேக்கு மேல் என்கிற வேகத்தில் மொத்த டோஸையும் கண் இமைக்கும் நேரத்தில் கொடுப்பது. விலங்குகளில் நல்ல திசுக்கள் குறைவாகப் பாதிக்கப்பட்டன, 2018-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் முதன்முதலாக ஒரு மனிதருக்குத் தோல் கட்டிக்குக் கொடுத்தார்கள். இன்னும் ஆராய்ச்சிதான். அதற்காகக் காத்திருந்து இன்றைக்கு வேண்டிய சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள்.

புகை பிடிக்கிறவர்களுக்கு ஒன்று. 'வந்தது வந்துவிட்டது, இனி விட்டு என்ன?' என்று கேட்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கதிர் நன்றாக வேலை செய்யக் கட்டிக்குள் ஆக்சிஜன் வேண்டும், புகை அதைக் குறைக்கிறது. 1993-ல் கனடாவில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், சிகிச்சையின்போது புகைத்தவர்களில் கட்டி முழுவதும் மறைந்தது 45 சதவீதம் பேருக்கு, மற்றவர்களில் 74 சதவீதம். எந்தப் புது மெஷினுக்கு மாறினாலும் இவ்வளவு வித்தியாசம் கிடைக்காது. தயவுசெய்து விட்டுவிடுங்கள், அங்கேயே உதவி கேளுங்கள். சத்து மாத்திரை, ஆன்டிஆக்ஸிடன்ட் என்று அதிக அளவில் வாங்கி விழுங்குகிறவர்களும் மருத்துவரிடம் காட்டிவிட்டு எடுங்கள். செல்லை உடைக்கக் கதிர் கொடுக்கும்போது அதைத் தடுக்கிற மாத்திரை எதற்கு?

தோல் விஷயம் சுருக்கமாக: மிதமான சோப்பில் கழுவலாம், தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும், வெயில் படக் கூடாது, கழுத்தில் உரசும் காலர் கூடாது. வெளியிலிருந்து கொடுக்கும் ரேடியேஷனில் உடம்பில் கதிர் எதுவும் தங்காது, குழந்தைகளைத் தாராளமாகத் தூக்கலாம். என் தம்பி முதல் வாரம் தன் பிள்ளைகளை என் பக்கம் விடவில்லை, மருத்துவரே அவனுக்குச் சொன்ன பிறகு விட்டான். உடம்புக்குள் கதிரியக்க விதைகளை நிரந்தரமாக வைப்பதும், தைராய்டுக்கு அயோடின் குடிப்பதும் வேறு கதை, அதற்குத் தனி விதிகள் சொல்வார்கள்.

முடிந்த அன்றைக்கு எல்லாரும் வாழ்த்தினார்கள். அடுத்த இரண்டு வாரம்தான் இருப்பதிலேயே மோசமானது என்பது அவர்களுக்குத் தெரியாது. கதிர் நின்ற பிறகும் அதன் விளைவு ஏறிக்கொண்டே போய் உச்சத்தைத் தொட்டுத்தான் இறங்கும். அதனால் கடைசி நாளோடு வலி மருந்தையும் குழாயையும் நிறுத்திவிடாமல், முடிந்த அடுத்த வாரமே ஒரு பரிசோதனைக்கு நேரம் வாங்கிக்கொண்டு வாருங்கள். ருசி வர மாதக்கணக்கில் ஆகும். எனக்கு முதலில் திரும்பியது புளிப்பு, கடைசியாக இனிப்பு.

எல்லாம் போய்விட்டதா என்று உடனே ஸ்கேன் எடுத்துப் பார்க்கத் துடிப்பு இருக்கும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். கதிர் பட்ட செல்கள் பிரியும்போதுதான் சாகின்றன, அதற்கு வாரங்கள் ஆகும், புண்ணின் அழற்சியும் படத்தில் நோய் போலவே ஒளிரும். சீக்கிரம் எடுத்த ஸ்கேன் வீணான பீதியைத்தான் கொடுக்கும். 564 பேரை வைத்து நடந்து 2016-ல் வெளிவந்த பெட்-நெக் ஆய்வில் 12 வாரம் கழித்து, நோய் இருக்கும் இடத்தை ஒளிரவைத்துக் காட்டுகிற பெட்-சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தேவையானவர்களுக்கு மட்டும் கழுத்தில் அறுவை செய்தார்கள். எல்லோருக்கும் அறுவை செய்த குழுவைப் போலவே இவர்களும் உயிரோடு இருந்தார்கள், பெரும்பாலானவர்கள் கத்தியிலிருந்து தப்பினார்கள். அந்தப் பன்னிரண்டு வாரமும் காத்திருப்பது கடினம்தான், வேறு வழி இல்லை.

அப்புறம், வெளியே வருவதற்கு முன்பு எழுத்தில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த இடத்துக்கு, மொத்தம் எத்தனை கிரே, எத்தனை தடவையில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, தாடைக்கும் முதுகுத்தண்டு நரம்புக்கும் எவ்வளவு போனது என்கிற சுருக்கம். பல வருடம் கழித்து அதே பகுதியில் மறுபடி ரேடியேஷன் தேவைப்பட்டாலும், பல் பிடுங்க வேண்டி வந்தாலும் முதலில் கேட்பது அதைத்தான். கழுத்தில் ரேடியேஷன் எடுத்தவர்கள் ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒருமுறை, தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், தைராய்டு சோர்ந்துபோவது சகஜம், களைப்பும் மந்தமும் வந்தால் பலர் அதை நோயின் மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அப்படித்தான் கண்டுபிடித்தார்கள், இப்போது தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராய்டு மாத்திரை.